நாக்க முக்கவும் நாட்டுப்புறவியல் பாடமும்

இளங்கலை மாணாக்கருக்கு நாட்டுப்புறவியல் தாளை நாம் நடத்தத் தொடங்கி ஆண்டுகள் பலவாகின்றன. தாலாட்டில் தொடங்கி ஒப்பாரியில் முடியும் அந்தப் பாடத்திட்டத்தில் வகுப்பு விழித்திருப்பது பெரும்பாலும் நாம் பாடிக்காட்டும் பொழுதுகளில் மட்டுமே. அதுவும் நம் குரலின் அவலத்தால். சென்ற பருவத்தில் ஒரு நாள், வாய்மொழி மரபு ஒலிநாடாவுக்குள் வந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சாரே, கன்ட்ரி மியூசிக்குண்ணா நம்ம நாட்டுப்புறப் பாட்டு மாதிரிதானே? டெய்லர் ஸ்விஃப்ட் அதை விட்டுட்டு பாப்புக்குப் போனப்ப நெறைய பேரு ஏசினாவளாம். நம்ம பக்கத்துல யாராவது அப்பிடிப் போயிருக்காவளா?"

சற்றும் யோசியாமல் "சின்னப்பொண்ணு" என்று சொல்லிவிட்டோம். அடுத்த கணமே யாரோ ஒருவன் மேசையில் 'நாக்க முக்க'வின் தாளத்தைத் தட்டினான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நாமும் சிரித்தோம். ஆனால் மாலையில் குழித்துறைப் பாலத்தின்மேல் பேருந்து ஊர்ந்துகொண்டிருக்கையில், கீழே கலங்கலாய் ஓடும் தாமிரபரணியைப் பார்த்தபடி, அந்தப் பெயரை நாம் என்ன தொனியில் உச்சரித்தோம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டியதாயிற்று. வழிதவறிப்போனவர்களுக்கு எடுத்துக்காட்டுச் சொல்லும் தொனி அது.

அந்த மாணவிக்கு ஒழுங்கான விடை கடன்பட்டிருந்தமையால் சில நாட்கள் ஸ்விஃப்டைக் கேட்டோம். 2006இல் நாஷ்வில் நகரிலிருந்து வெளியான முதல் தொகுப்பில் பாஞ்சோவும் பிடிலும் இழைகின்றன. 2012இல் வந்த 'ரெட்' இரண்டு தோணிகளில் கால்வைத்து நிற்கிறது. 2014 அக்டோபரில் வந்த '1989'இல் பாஞ்சோவின் சுவடே இல்லை. எல்லாம் மின்னணு விசைகளின் ஒலி. தம் பிறந்த ஆண்டையே தலைப்பாக்கி, இதுவே தம் முதல் முழுமையான பாப் தொகுப்பு என்று அவரே அறிவித்துவிட்டார். முதல் வாரத்தில் அமெரிக்காவில் மட்டும் பன்னிரண்டரை இலட்சத்துக்கும் மேல் விற்றது. 2016இல் கிராமி விருதும் பெற்றது. நாஷ்வில் வானொலிகளுக்கு மனத்தாங்கல் இருந்திருக்கலாம். அவருக்கு நட்டம் ஏதும் இல்லை.

ஆனால் 'கன்ட்ரி' என்பதை நம் நாட்டுப்புறப் பாடலோடு சமன்செய்வது பாதிதான் சரி. அது பிறக்கும்போதே சந்தையில் பிறந்தது. 1927 கோடையில் விக்டர் நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் என்னும் சிற்றூரில் ஒலிப்பதிவுக் கருவியோடு வந்திறங்கி, மலைவாழ் பாடகர்களை வரவழைத்துப் பதிந்தார். கார்ட்டர் குடும்பத்தாரும் ஜிம்மி ராட்ஜர்சும் உலகுக்குத் தெரியவந்தது அங்கேதான். அதன்பின் ஏ.பி. கார்ட்டர் மலையூர்கள்தோறும் அலைந்து பழம்பாடல்களைத் திரட்டினார். உடன் சென்றவர் லெஸ்லி ரிடில் என்னும் கறுப்பினக் கித்தார்க் கலைஞர். சொற்களைக் கார்ட்டர் எழுதிக்கொள்வார். மெட்டை ரிடில் நெஞ்சில் நிறுத்திக்கொள்வார். பாடல்கள் கார்ட்டரின் பெயரில் பதிவாயின. களப்பணிக்குப் போய்வந்த எவருக்கும் இந்தக் கதையைப் படிக்கையில் முதுகில் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். நமக்கு இருந்தது. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

சின்னப்பொண்ணுவுக்கு வருவோம். சிவகங்கை மாவட்டம் சூரக்குளத்துக்காரர். பதின்மூன்று வயதிலேயே திருவிழாக்களில் பாடத் தொடங்கியவர். அவரை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசென்றவர் கே.ஏ. குணசேகரன். 'வடு' என்னும் தன்வரலாற்றை எழுதிய அதே குணசேகரன்; ஆய்வாளர், நாடகக்காரர், எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடகர். இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாடலைத் தமிழகத்தின் மேடைகள்தோறும் முழங்கவைத்த தொண்டை அவருடையது. 2016 சனவரியில் மறைந்தார். நாட்டுப்புறப் பாடலை அழகியல் பண்டமாகப் பாராமல், ஒடுக்கப்பட்டோரின் குரலாகக் கேட்கச் சொன்னவர் அவர். அவர் காட்டிய வழியில் வந்த சின்னப்பொண்ணு 2005இல் 'சந்திரமுகி' வழியாகத் திரைக்குள் நுழைந்தார். 2008இல் விஜய் ஆண்டனி இசையில் 'காதலில் விழுந்தேன்' படத்துக்காகப் பாடியதுதான் 'நாக்க முக்க'. 2011இல் லெஸ்லி லூயிஸ் அமைத்த கோக் ஸ்டுடியோவின் முதல் பருவத்தில் கைலாஷ் கேரோடு சேர்ந்து 'வெத்தலை' பாடினார். கித்தாரும் டிரம்சும் சூழ நிற்கும்போதும் கோயில் திடலில் நிற்பவர்போலவே நிற்கிறார். 2021இல் பிக்பாஸ் வீட்டுக்குள்ளும் போய்வந்தார். சூரக்குளத்திலிருந்து அந்த வீடு வரையிலான பாதை நாஷ்விலிலிருந்து நியூயார்க் போவதைவிட நெடியது என்பது நம் கருத்து.

2008இல் நமக்கு அப்படித் தோன்றவில்லை. அப்போது நாம் ஒரு தனியார் கல்லூரியில் தற்காலிக விரிவுரையாளர். ஊதியம் அற்பம், கொள்கையோ மலையளவு. நா. வானமாமலையைப் படித்திருந்தோம். முத்துப்பட்டன் கதையின் அடிகளை மனனமாகச் சொல்வோம். திரையிசை என்பது நாட்டார் மரபின் இரத்தத்தை உறிஞ்சும் அட்டை என்று கட்டுரையே எழுதியிருந்தோம் (நல்லவேளையாக அந்தச் சிற்றிதழ் அத்தோடு நின்றுபோயிற்று). பேருந்துகளிலும் கல்யாண வீடுகளிலும் மார்த்தாண்டத்துச் செல்போன் கடைகளிலும் 'நாக்க முக்க' ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்த காலம். குணசேகரனின் மேடையில் வளர்ந்த குரல் இப்படிப் பொருளற்ற சொற்களைக் கூவப் போயிற்றே என்று நாம் மெய்யாகவே வருந்தினோம். அந்த வருத்தத்தில் ஒரு பங்கு நியாயமானது என்றே இன்றும் நினைக்கிறோம். அந்தப் பாட்டின் வரிகள் இன்றும் நமக்கு உவப்பானவை அல்ல.

2009 தொடக்கத்தில் கல்லூரியின் முத்தமிழ் விழாவுக்கு ஆயத்தம் நடந்தது. அருமனைக்கு அப்பாலிருந்து வரும் ஒரு மாணவன் வில்லுப்பாட்டு நடத்துவதாகச் சொன்னான். அவன் தாய் வில்லுப் பாடுகிறவர். விடியற்காலையில் ரப்பர் பால்வெட்டு. கொடைக் காலங்களில் வில். ஒத்திகை பார்க்கப் போனோம். வில் இருந்தது; உடுக்கும் குடமும் இருந்தன; பையனின் மடியில் ஒரு கீபோர்டும் இருந்தது. காப்பும் வருபொருளும் முறையாகவே போயின. கதையில் ஊர்க்கூட்டம் கூடும் இடம் வந்ததும் குடத்தின் அடி மாறியது. கீபோர்டு சிணுங்கியது. 'நாக்க முக்க' மெட்டில் கதையின் சொற்களை வைத்துப் பாடினார்கள். பிள்ளைகள் ஆர்ப்பரித்தார்கள்.

நாம் நிறுத்தச் சொன்னோம். "இது வில்லுப்பாட்டு அன்று, வியாபாரம்" என்றோம். அந்த வாக்கியத்தின் மோனைச் சுகம்கூட இன்னும் நினைவில் இருக்கிறது. பையன் எதிர்த்துப் பேசவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னான்: "அம்மைக்கு நடுச்சாமத்துக்கு மேல இந்த மாதிரி ஒண்ணு பாடினாத்தான் சாரே ஆளு இருக்கும். ஆளு இருந்தாத்தான் அடுத்த வருசமும் விளிப்பாவ." பிறகு கீபோர்டை அதன் உறைக்குள் போட்டு மூடிக்கொண்டு போய்விட்டான். விழாவில் வில்லுப்பாட்டே நடக்கவில்லை. அதற்கு மாற்றாகப் 'பாரதியும் பெண்ணும்' என்னும் தலைப்பில் ஒரு கருத்தரங்கம் நடந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

இத்தனைக்கும் அவனுடைய தாயை நமக்கு முன்பே தெரியும். 2004இல் ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்காகத் தகவல் திரட்டியபோது அவரிடம் மூன்று நாட்கள் பாடல் பதிந்திருக்கிறோம். துறையிலிருந்து இரவல் வாங்கிய டேப் ரிக்கார்டர் ஒன்று. சொந்தக் காசில் வாங்கிய ஒலிநாடாக்கள் நான்கு. அவர் திண்ணையில் அமர்ந்து வீசுகோல் இல்லாமலேயே விரலால் தாளமிட்டுப் பாடினார். இடையிடையே குதூகலம் வந்துவிட்டால் ஏதேனும் சினிமா மெட்டில் இரண்டு வரி போடுவார். அப்போதெல்லாம் நாம் நிறுத்தப் பொத்தானை அழுத்திவிடுவோம். அவரும் புரிந்துகொண்டு, "அது வேண்டாம் இல்லியா பிள்ளே" என்று சிரித்துவிட்டுப் பழைய மெட்டுக்குத் திரும்புவார். வீட்டுக்கு வந்து சொற்களை ஏட்டில் எழுதியெடுத்ததும், அதே நாடாக்களில் அடுத்த ஊரின் பாடகரைப் பதிந்தோம். நாடா விலை அப்படி. பட்டமும் கிடைத்தது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அவருடைய சொற்கள் நூற்றுச்சொச்சம் பக்கங்கள் இருக்கின்றன. குரல் இல்லை. லெஸ்லி ரிடிலைப் போல் மெட்டை நெஞ்சில் வைத்துக்கொள்ளும் ஆளும் நம்மோடு வரவில்லை.

சின்னப்பொண்ணுவைப் பற்றி அந்தத் தாய் ஒருமுறை சொன்னதை இங்கே குறித்தாக வேண்டும். விழா நடந்த அதே ஆண்டின் வாவுபலிப் பொருட்காட்சியில் அவரைத் தற்செயலாகச் சந்தித்தோம். ஆடி அமாவாசையை ஒட்டி ஆற்றங்கரையில் பலியிட வரும் கூட்டமும், செடி வாங்க வரும் கூட்டமும், சும்மா மிளகாய் பஜ்ஜி தின்ன வரும் கூட்டமும் ஒன்றாய்க் கலந்து நெரியும் நேரம். அவர் கையில் ஒரு பலாக்கன்று. ராட்டினத்துப் பக்கமிருந்து அதே பாட்டு. நாம் முகம் சுளித்திருக்க வேண்டும். "இவளுக்க தொண்டை எனக்க தொண்டை மாதிரில்லா இருக்கு" என்றார் அவர். "டீவியில எல்லாரும் பூனைக்குட்டி மாதிரி பாடுவாவ. இவ நம்மள மாதிரி வாயத் தொறந்து பாடுதா."

நாம் அன்று அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாட்டுப்புறவியலில் பட்டம் பெற்றவர்க்கு நாட்டுப்புறப் பாடகரின் விமர்சனம் எதற்கு? ஆண்டுகள் கழிந்துதான் அந்தச் சொல் உறைத்தது. தமிழ்த் திரையின் நாயகிக்குப் பல பத்தாண்டுகளாக வாய்த்தது மெல்லிய, இனித்த, உச்சத்தில் நடுங்காத குரல். கரகரத்த குரல் கிழவிக்கும் கூத்துக்காரிக்கும் ஒதுக்கப்பட்டது. 1976இல் 'அன்னக்கிளி'யோடு இளையராஜா வந்து நாட்டார் மெட்டுகளை நடுக்கூடத்தில் உட்காரவைத்த பிறகும், அவற்றைப் பெரிதும் பாடிய பெண்குரல்கள் பயின்று மெருகேறிய குரல்களே. கொல்லங்குடி கருப்பாயியும் பரவை முனியம்மாவும் விதிவிலக்காக வந்தார்கள். 'நாக்க முக்க'வில் மெட்டு மாறியது, கருவி மாறியது, சொல் சீரழிந்தது, தொண்டை மாறவில்லை. திறந்த வெளியில் ஒலிபெருக்கி இல்லாமல் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்று பழகிய தொண்டை அது. ஸ்விஃப்டின் '1989'இல் நேர்ந்தது இதற்கு நேர்மாறு. அங்கே பாஞ்சோவோடு சேர்ந்து அவர் குரலில் முன்பு இருந்த தென்னாட்டு இழுவையும் காணாமற் போயிற்று. அவர் பென்சில்வேனியாவில் பிறந்தவர். அந்த இழுவை உடுத்திக்கொண்டதுதான். கழற்றிவைப்பதில் சிரமம் இல்லை. சின்னப்பொண்ணுவால் கழற்ற இயலாது.

கருவி மாறுவதைப் பற்றி நம் நாஞ்சில் நாட்டார் அலட்டிக்கொள்ளவும் கூடாது. வில்லிசைக் குழுக்களுக்குள் ஆர்மோனியம் நுழைந்தபோது அது எந்தச் சுடலைமாடன் கொண்டுவந்த கருவி? கோயில் கொடையை விட்டு வில்லை வெளியே எடுத்துவந்து காந்தியடிகளின் கதையை ஏற்றியவர் ஒழுகினசேரியில் பிறந்த நம் கலைவாணர். அதை எழுதித்தந்த சுப்பு ஆறுமுகம் பின்னர் தாமே வில்லெடுத்து, வானொலியும் தொலைக்காட்சியும் வழியாகப் பட்டணத்து வீடுகளுக்குள் வில்லின் மணியைக் கேட்கவைத்தார். 2021இல் பத்மஸ்ரீ பெற்று அடுத்த ஆண்டு மறைந்தார். அவர்களை நாம் புரட்சியாளர்கள் என்று பாடம் நடத்துகிறோம். அருமனைப் பையன் கீபோர்டு வைத்தால் வியாபாரம். எல்லைக்கு அப்பால் சாலக்குடியில் ஆட்டோ ஓட்டிய கலாபவன் மணி நாடன் பாட்டுகளைக் கேலியும் துள்ளலுமாக ஒலிநாடாக்களில் பாடி விற்றபோது, களியக்காவிளை தாண்டி நம் ஊர்த் தேநீர்க் கடைகள் வரை அவை வந்தன. நாமும் தாளம் போட்டோம். அயலான் கலப்படம் செய்தால் இனிக்கிறது.

இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. வில்லில் ஒரு கதை இரவு முழுவதும் நடக்கும். பிறப்பு, வஞ்சனை, கொலை, தெய்வமாதல் எல்லாவற்றையும் பாடி முடிக்கையில் கிழக்கு வெளுத்துவிடும். கேட்டிருப்போரில் பாதிப்பேர் தூங்கி விழித்திருப்பர். நான்கு நிமிடப் பாட்டுக்குள் தாளம் போகும், தொண்டையும் போகும். கதை போகாது. 'வெத்தலை'யை நாம் விரும்பிக் கேட்கிறோம். அது அழகாக இருக்கிறது. யார் யாருக்கு எதற்காகப் பாடுகிறார்கள் என்ற கேள்விக்கு மட்டும் அங்கே விடை இல்லை. கே.ஏ. குணசேகரன் மேடையில் பாடும்போது அந்த விடை இருந்தது.

இன்னொன்று உடைமை. ஸ்விஃப்டின் முதல் ஆறு தொகுப்புகளின் மூல ஒலிப்பதிவுகள் 2019இல் வேறொருவர் கைக்குப் போயின. அவர் அவற்றுள் சிலவற்றைத் திரும்பவும் பாடிப் பதிந்து தம் பெயரோடு சேர்த்தே வெளியிட்டார். '1989'இன் மறுபதிப்பு 2023இல் வந்தது. 2025 மே மாதத்தில் மூலப் பதிவுகளையே விலைகொடுத்து மீட்டுவிட்டார். நம் நாட்டில் 2012இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் பாடகருக்கும் பங்கு கேட்கும் உரிமையைத் தந்தது. அதைக் கேட்டு வாங்க 2013இல் பாடகர்களுக்கான சங்கம் ஒன்றும் உருவாயிற்று. எனினும் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மெட்டுக்கு உரிமையாளர் யார் என்று கேட்டால் சட்டப் புத்தகம் தலையைச் சொறிகிறது. முதலில் பதிந்தவர் பெயர் ஏறிவிடுகிறது. 2021 மார்ச்சில் வெளியான 'எஞ்சாய் எஞ்சாமி' நினைவிருக்கும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய வள்ளியம்மாள் என்னும் பாட்டியின் வாழ்விலிருந்து, ஒப்பாரியின் சாயலில் பேரன் அறிவு பாடியது. தீயோடும் சந்தோஷ் நாராயணனோடும் சேர்ந்து உலகெங்கும் சென்றது. அடுத்த ஆண்டு சென்னையில் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அறிவு இல்லாமலேயே அது மேடையேறியபோது, யார் எழுதியது யார் மெட்டமைத்தது என்று ஊரறிய வழக்காடினார்கள். அந்த வழக்கில் நமக்குத் தீர்ப்புச் சொல்லத் தெரியாது. ஒப்பாரியைச் சொத்தாக எண்ணி வழக்காடும் நிலையை அது எட்டியிருப்பதே ஒரு மாற்றம் என்று மட்டும் தோன்றியது. நம் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் இருக்கும் நூற்றுச்சொச்சம் பக்கங்களுக்கு எவரும் வழக்காடவில்லை. அட்டையில் நம் பெயர்தான் இருக்கிறது.

அந்தத் தாய் 2020இல் மறைந்தார். பெருந்தொற்றுக் காலம், நாம் போகவில்லை. மகன் கத்தாரில் மின்பணியாளன். சென்ற ஆண்டு விடுப்பில் வந்தவன் நம்மைத் தேடி வந்தான். கையில் ஓர் ஒலிநாடா. "அம்மைக்கது இது ஒண்ணுதான் சாரே இருக்கு. ஓடுமாண்ணு தெரியல்ல. சாருகிட்ட பழைய பெட்டி இருக்கும்ணு நெனச்சேன். அப்போ எடுத்தீங்களே, அந்தக் கேசட்டும் இருந்தா ஒரு காப்பி..." என்றான். நாம் உண்மையைச் சொன்னோம். அவன் ஒன்றும் சொல்லாமல் சற்று நேரம் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நம்மிடம் பெட்டியும் இல்லை. மார்த்தாண்டத்தில் பழைய வானொலிகளைப் பழுதுபார்க்கும் ஒருவரின் கடைக்கு இருவருமாகப் போனோம். அவர் நாடாவைப் பென்சிலால் சுற்றி இறுக்கி, முனையை மதுசாரம் நனைத்த பஞ்சால் துடைத்து, பெட்டியில் இட்டார். முதலில் மழை பெய்வதுபோல் ஓர் இரைச்சல். பிறகு கொடைக் கூட்டத்தின் அரவம், யாரோ குழந்தையை விளிக்கும் சத்தம், குடத்தின் முதல் அடி. 2009 பங்குனி என்று மகன் சொன்னான். நாம் ஒத்திகையை நிறுத்திய இரண்டு மாதங்களுக்குப் பிறகு. காப்பு ஒலித்தது. அந்தத் தொண்டை. ஐந்தாண்டுக் களப்பணியில் நாம் கேட்ட எந்தக் குரலையும்விட வாய் திறந்த குரல். கதை நகர்ந்து ஊர்க்கூட்டம் கூடும் இடத்துக்கு வந்தது. குடத்தின் அடி மாறிற்று. பதினெட்டு வயதுப் பையனின் கீபோர்டு சிணுங்கிற்று. நம் வலக்கை பெட்டியின் பொத்தான்களை நோக்கி அரை அடி நகர்ந்துவிட்டதை மகன் பார்த்தான். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டோம்.

நாடாவில் கூட்டம் சீழ்க்கையடித்தது. அவர் பாட்டுக்கு நடுவே சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். முப்பது நிமிடத்தில் பெட்டி தானாகச் சொடுக்கி நின்றது.

"மறுபக்கமும் உண்டு. போடட்டா சாரே?" என்றார் கடைக்காரர்.

போடச் சொன்னோம்.